மயிலைக்கு நேர்ந்த மண்மாடு

ஓடைக்கரைப்பட்டியில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை மூன்றுமே இருந்தது. ஒரு நாள்கூட எடுத்துப் புழங்காமல் புத்தம் புதுசாக இருந்தது, அவ்வளவுதான். மூத்தவன் மூக்கையா, நடுவுள்ளவன் வீரணன், கடைசி ஒச்சு. மூவருக்கும் சாப்பாடு அக்கா சிட்டம்மா வீட்டில். அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது மயிலைப் பசுவின் பாலில்.

அந்த மயிலை ஆனி மாதம் கன்று போட முடியாமல் இரண்டு நாள் தவித்தது. சிட்டம்மா எல்லையம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள்.

"ஆத்தா, தாயும் பிள்ளையும் பிழைச்சா, என் தம்பிங்க கையாலயே மண்ணுமாடு பிடிச்சு, ஆடி கடைசிச் செவ்வாய்க்குள்ள உன் காலடியில வைக்கிறேன்."

அம்மனுக்குத் தம்பிகளைப் பற்றித் தெரியாதோ என்னவோ, உடனே ஒத்துக்கொண்டாள். மயிலை பிழைத்தது. கன்றும் துள்ளியது.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா மூவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "வாங்கி வைக்கிற பொம்மை செல்லாதுடா. உங்க கைதான் வேணும். நாள் தப்புனா ஆத்தா கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுருவா. மாடு போச்சுன்னா சோறும் போச்சு. போய்க் கண்மாயில களிமண்ணு எடுத்து, கால் நோகுற வரைக்கும் மிதிங்க."

மூக்கையாவுக்கு முள் குத்திக் காலையிலிருந்தே கால் நொந்துகொண்டிருந்தது. "என் பங்கு முடிஞ்சுது" என்று கரையில் உட்கார்ந்துவிட்டான். வீரணனுக்குச் சீக்கிரமே நொந்துவிட்டது. ஒச்சு மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, எனக்கு நோகவே மாட்டேங்குதே!"

மூக்கையா எழுந்து வந்து அவன் பாதத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். "இப்ப?"

"ஐயோ, நோகுதுண்ணே!"

"அப்ப மண்ணு பதமாயிருச்சு."

அடுத்தது பொம்மை பிடிப்பது. "மாட்டைப் பாத்துக்கிட்டே பிடிங்க. கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே வரணும்" என்று அக்கா சொல்லியிருந்தாள். தலை மூக்கையாவுக்கு, உடம்பு வீரணனுக்கு, காலும் வாலும் ஒச்சுவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

மூக்கையா மயிலையின் மூக்கோடு மூக்கு வைத்து உட்கார்ந்தான். வீரணன் தொழுவத்து வாசலில் உட்கார்ந்தான். ஒச்சுவுக்கு மாடு உதைக்கும் என்று பயம். வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கத்து வரப்பில் போய் உட்கார்ந்தான்.

மத்தியானம் மூவரும் கொண்டுவந்து வைத்தார்கள். தலை குடம் மாதிரி இருந்தது. உடம்பு தேங்காய் மாதிரி இருந்தது. ஒச்சு உள்ளங்கையை விரித்தான். தீக்குச்சி மாதிரி நாலு.

"வாலு எங்கடா?" என்றான் மூக்கையா.

"இந்தா இருக்கு. மூச்சு விட்றாதீங்கண்ணே, பறந்துரும்."

"இம்புட்டூண்டு காலு இந்தத் தலையைத் தாங்குமாடா?"

"அங்க இருந்து பாத்தா அப்படித்தாண்ணே தெரிஞ்சுது. கண்ணுக்குத் தெரியுற மாதிரின்னுதானே அக்கா சொல்லுச்சு?"

வீரணன் வெகுநேரம் யோசித்தான். "மாடு படுத்திருக்குன்னு சொல்லிருவோம். படுத்த மாட்டுக்குக் காலு எதுக்கு?"

நியாயம்தான் என்று மூவருக்கும் பட்டது. தலையையும் உடம்பையும் ஒட்டி, காலையும் வாலையும் பத்திரமாக ஒரு வெற்றிலையில் மடித்து வைத்தார்கள்.

"வெயில் பட்டா வெடிச்சிரும், நிழல்லயே காய விடுங்க" என்றாள் அக்கா. மாட்டுக்கு மாட்டு நிழலைவிட நல்ல நிழல் எது? திங்கட்கிழமை மயிலையை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய், அதன் நிழலில் பொம்மையைப் பலகையோடு வைத்தார்கள். மயிலை நாலடி நகர்ந்தது. மூவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு நாலடி நகர்ந்தார்கள். மயிலை வரப்பு ஏறியது, இவர்களும் ஏறினார்கள். மயிலைக்குத் தாகம் எடுத்தது. கண்மாயில் இறங்கியது. நிழலும் இறங்கியது. பலகையும் இறங்கியது.

வெறும் பலகையோடு வீடு வந்தார்கள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"விடிஞ்சா செவ்வாய்டா, பாவிங்களா!"

"அழாதக்கா" என்றான் ஒச்சு. "காலும் வாலும் பத்திரமா இருக்கு."

செவ்வாய் காலையில் சிட்டம்மா தானே பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மண்ணைத் தொட்டால் வேண்டுதல் கெட்டுவிடும். அதனால் மூவரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, "இங்க அமுக்கு, அங்க கிள்ளு, போதும் எடு" என்று ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மாட்டை வரவழைத்துவிட்டாள். இட்லிக் கொப்பரை மூடி நிழலில் அது காய்ந்தது. உள்ளபடிக்கே மாடு மாதிரி இருந்தது. மூவரும் ஆளுக்கு ஒரு தடவை கும்பிட்டார்கள்.

"மயிலையையும் ஓட்டிக்கிட்டுப் போங்க, அதுவும் ஆத்தாவைப் பாக்கட்டும்" என்றாள் அக்கா. "பொம்மையைக் காலடியில வச்சுட்டு, திரும்பிப் பாக்காம நேரா வீட்டுக்கு வரணும். அந்தக் கோயில் வழக்கம் அது. தெரியுதா?"

மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. எந்த அக்காதான் சொல்வாள்?

பொழுது சாயுமுன் மூவரும் வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்கியது. உள்ளே பாய்ந்து, தொழுவத்துச் சுவரைப் பார்த்தபடி கை கூப்பி வரிசையாக நின்றார்கள்.

"பொம்மையை வச்சீங்களா?"

"வச்சாச்சு."

"மயிலை எங்கடா?"

"அதைப் பாக்கணும்னா திரும்பணுமேக்கா" என்றான் மூக்கையா. "ஆனா அது இருக்கட்டும். ஆத்தாவே பின்னால வர்றா. வழியெல்லாம் சலங்கைச் சத்தம். நாங்க நின்னா நிக்கிறா, ஓடுனா ஓடி வர்றா!"

சிட்டம்மா, இருந்த ஒரு மாட்டையும் தொலைத்துவிட்டார்களே என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உள்ளே கன்று "ம்மா" என்றது. கழுத்துமணி குலுங்க, பால் கட்டிய மடியோடு, மயிலை அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு கன்றிடம் போய் நின்றது.

"என் தாயே, எல்லையம்மா!" சிட்டம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாத்தியா, அக்கா ஆத்தா பேரைச் சொல்லிக் கூப்பிடுது. வந்துட்டா" என்றான் வீரணன், சுவரிடம்.

"மாடுடா! திரும்பிப் பாருங்கடா!"

"நல்லா இருக்கே! எப்ப வரைக்கும் பாக்கக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையே. கொடுத்த மாட்டை ஆத்தா பிடுங்கிக்கிட்டா யாரு பொறுப்பு?" என்றான் மூக்கையா.

அக்காவுக்கு வாதாடத் தெம்பில்லை. "எப்படியோ பாலைக் கறங்கடா" என்று விளக்கேற்றப் போய்விட்டாள்.

ஒச்சு சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி மடியைத் துழாவினான். அவன் பக்கத்திலேயே வீரணனும் சுவரைப் பார்த்தபடியே, பால் செம்பை முழங்காலில் இடுக்கி, கையைப் பின்னால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து வீரணன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, யாரோ என் விரலைப் பிடிச்சு இழுக்கிறாங்க."

"ஆத்தாதாண்டா" என்றான் மூக்கையா கண்ணை மூடிக்கொண்டு. "கொடுத்து வச்சவன் நீ. அசையாத."

"சத்தம் போடாதீங்கண்ணே" என்றான் ஒச்சு. "இப்பத்தான் காம்பு இளகுது."