பெயிண்டுக்கு அடியில்

கொல்லிமலையில் மரகதம்மா நடத்தும் சின்ன ஆசிரமத்தில் செங்கோடன்தான் மூத்த சீடர். லாரி ஓட்டிப் பிழைத்த மனிதர். மனைவி இறந்து, காரியம் முடிந்த கையோடு மலை ஏறியவர், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் கிடையாது.

அன்று மாலை ஆசிரமத்துப் பழைய காரில் இரண்டு பேரும் மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள். செங்கோடனின் ஒரே மகன் பூபதி வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறான். அடிவாரத்தில் பஸ்ஸுக்காக நிற்பேன், வந்தால் பார்க்கலாம் என்று ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். இதைத் தவறவிட்டால் மறுபடி எந்த வருஷமோ.

மூடுபனி ரோட்டை மறைத்தது. வளைவுக்கு வளைவு செங்கோடனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பனிக்காக மட்டும் அல்ல.

"அம்மா, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"வாரம் தவறாம அவனுக்கு போன் போடறேனுங்க. நான் செஞ்சது தப்புதான்னு சொல்றேன். உடம்பைப் பாத்துக்கோங்கறேன். நல்லது கெட்டது எடுத்துச் சொல்றேன். அவன் ஒத்தை வார்த்தை பேசறதில்லீங்க. நான் சொல்றது அவனுக்குப் போய்ச் சேருதா, இல்லீங்களா?"

மரகதம்மா வாய் திறப்பதற்குள் பின்னால் ஹாரன் அலறியது. வளைவுக்காக செங்கோடன் பிரேக் பிடித்திருந்தார். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று டயர் தேயத் தேய வந்து, பம்பரை முத்தமிடாத குறையாக நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "யோவ்! பிரேக் புடிச்சா செவப்பு லைட்டு எரிய வேண்டாமா? மஞ்ச லைட்டு மங்கலா மினுக்குது. நீ நிக்கறியா, திரும்பறியா? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

செங்கோடனும் தன் காலத்தில் எத்தனையோ பேரை இப்படித் திட்டியவர்தான். இன்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் முறை. லாரி ஒதுங்கிக் கடந்து போனது. செங்கோடன் மறுபடி கியரைப் போட்டார்.

"ஊர்ந்தாப்பல போயிடலாமுங்க. நிக்க நேரமில்லை."

"அடுத்து வர்றவன் என்ன பாவம் பண்ணினான்? ஓரங்கட்டுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. குருவின் மேல் வந்த முதல் கோபம். என் மகன் போய்விடுவான், இந்த அம்மாவுக்கு அது தெரியவில்லையா என்று மனசு கொதித்தது. ஆனாலும் ஓரங்கட்டினார்.

மரகதம்மா டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். செங்கோடன் பின்னால் போய் நின்றார்.

"பிரேக்கை அழுத்தறேன்."

"எரியலீங்க."

ஃப்யூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பல்பை மாற்றினார். எரியவில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பம்பர் போல்ட்டில் மாட்டி, மறுமுனையால் பல்பு ஹோல்டரைத் தொட்டார். லாம்ப் பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வருதுங்க! பல்பும் புதுசு. இது எரியறதுக்கு என்ன கேடு?"

"நல்லா வருதா?"

"ஜோரா வருதுங்க. அனுப்பற பக்கம் ஒரு குறையும் இல்லை."

"வந்த கரண்ட் பல்போட தீந்துடுமாண்ணா?"

"அதெப்படித் தீருமுங்க? எர்த் வயர் வழியா வண்டி பாடிக்குப் போயி, அங்கிருந்து பேட்டரிக்கே திரும்ப..."

பாதியிலேயே நிறுத்தினார். ஓடிப் போய் டிக்கியைத் திறந்தார்.

மூலையில், எர்த் வயரை பாடியோடு சேர்த்து முடுக்கிய போல்ட். அதைச் சுற்றிப் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். போன மாதம் ஆசிரமத்து விழாவுக்காக அவரே ஆசை ஆசையாய் அடித்தது. டிக்கிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் கேட்கவில்லை. போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலும் மொழுமொழுவென்று அடித்துவிட்டுத்தான் திரும்ப முடுக்கியிருந்தார்.

இப்போது அதே போல்ட்டைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். பெயிண்ட் லேசில் விடவில்லை. கீழே எங்கோ ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவசரத்தில் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. வெறும் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, வயரை வைத்து முடுக்கினார்.

"அழுத்துங்கம்மா!"

பனி முழுக்கச் சிவந்தது.

"என்ன கோளாறு?" என்று கேட்டபடி மரகதம்மா இறங்கி வந்தார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. போறது ஒழுங்காத்தான் போயிருக்கு. திரும்பி வர்ற எடத்தைத்தான் பெயிண்ட் அடிச்சு அடைச்சு வச்சிருக்கு."

"யாரு?"

"நாந்தானுங்க."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறுங்கண்ணா. பையன் காத்துக்கிட்டிருப்பான்."

வாராவாரம் போனில் தான் பேசியதை நினைத்தபடியே செங்கோடன் மீதி வழியை ஓட்டினார்.

அடிவாரத்தில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பூபதி தோளில் பையோடு படியில் ஒரு கால் வைத்திருந்தான். அப்பாவைக் கண்டதும் காலைக் கீழே எடுத்தான். ஆனால் கிட்டே வரவில்லை.

"அம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்கே போயிட்டீங்க," என்றான். குரல் உடைந்தது. "வீட்டுல நான் மட்டும். அம்மா சேலை கொடியிலயே கெடந்துச்சு. எடுத்து மடிக்க எனக்குக் கை வரலை."

மன்னிப்பு, சமாதானம், புத்திமதி எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. செங்கோடன் ஒவ்வொன்றாக விழுங்கினார். கண்ணீரை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார்.

"சொல்லு சாமி," என்றார் செங்கோடன்.

பஸ் நகர்ந்தது. பூபதி ஏறவில்லை. தோளில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தான்.