இருபது லட்சமும் யாருடையது?

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குழந்தைவேலுவுக்குக் குரலும் பெரிது, பெருமையும் பெரிது. புதிதாகக் கணக்கெழுத வந்த ஆரோக்கியமேரி நீட்டிய சொத்து-கடன் கணக்குத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"கடையிலே இருக்கிற சரக்கு இருபது லட்சம். அதிலே பேங்குக்குப் பன்னிரண்டு, மொத்த வியாபாரிக்கு அஞ்சு, எனக்கு வெறும் மூணா? என் கடையிலே எல்லாம் என்னுது! அப்படியே எழுது. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே!"

வேலை போனால் மேரி வீட்டில் அடுப்பெரியாது. வேறொரு தாளில் "இருபது லட்சமும் முதலாளியுடையதே" என்று எழுதி மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் கடைவீதிச் சங்கத்தார் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டு வந்தார்கள். அவரவர் சொந்த முதலில் நூற்றுக்கு ஒன்று என்பது சங்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. மேரி பணிவாக அந்தப் புதிய தாளை எடுத்து நீட்டினாள்.

"அப்போ இருபதாயிரம் ரூபாய்" என்றார் சங்கத் தலைவர்.

"ஐயையோ, பதினேழு லட்சம் கடனய்யா! என்னுது மூணுதான்!" என்று அலறினார் குழந்தைவேலு.

"அப்போ நான் முதல்லே எழுதின பழைய தாளையே வெச்சுக்கலாமா, ஐயா?" என்று கேட்டாள் மேரி.

அவர் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வெச்சுக்கோம்மா. அந்த மூணையாவது நீயே பத்திரமா பாத்துக்கோ."