தத்தன் திருவிழாக் கூட்டத்தை எண்ணிய கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். சில அரசர்களுக்கு யானை பிடிக்கும், சிலருக்கு மாளிகை கட்டப் பிடிக்கும். இவருக்குக் கூட்டம் பிடிக்கும். உப்பரிகையில் நின்று பார்த்தால் மண் தெரியக் கூடாது, தலைகள்தான் தெரிய வேண்டும். அன்றைக்கு அவருக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும்.

அரண்மனைக்கு எதிரே மலை. மலைமேல் கொழுந்தம்மை கோயில். அடிவாரத்தில் தண்ணாறு. பங்குனித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஆற்றில் முழுகி, உடுத்தி வந்த பழைய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். கைக்குழந்தைக்குக் கூட ஒரு முழத் துணி விடுவது வழக்கம். துணியோடு பீடையும் போய்விட்டது என்று அர்த்தம். விட்ட துணியைத் தொடுகிறவர்களுக்கு அந்தப் பீடை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருந்ததால், அதை யாரும் தொடுவதில்லை.

ஊருக்கு நாலு பேர் வந்துபோன காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அரசர்தான் எட்டுத் திக்கும் முரசு அறையச் சொன்னார். வழியெல்லாம் சத்திரம் கட்டினார். சத்திரத்து அடுப்புகளுக்கு மலைக்காட்டை வெட்டினார். கூட்டம் பெருகப் பெருக மலை மொட்டையானது, ஆற்றில் தண்ணீர் குறைந்தது, துணி நிறைந்தது.

இத்தனைக்கும் பக்தி மட்டும் காரணமில்லை. எல்லையில் ஒரு மேய்ச்சல் நிலத்துக்காக இவருக்கும் வடகரை நாட்டு அரசனுக்கும் தீராத சச்சரவு. "பிரபு, இங்கே கூடுகிற கைகளில் ஆளுக்கொரு வேல் கொடுத்தால் வடகரை தாங்குமா?" என்று மந்திரி அனந்தவீரர் ஒருநாள் காதில் ஓதினார். அன்றிலிருந்து அரசருக்குத் திருவிழா படை அணிவகுப்பாகத் தெரிந்தது.

அந்த அரசவையின் விகடன் தத்தன். மற்ற வருடங்களில் திருவிழா என்றால் பொரி கடலையோடு ஊரைச் சுற்றுகிற ஆள், இந்த வருடம் உட்கார மாட்டாமல் அலைந்தான். கால் தரிக்கவில்லை. சோற்றில் கை வைப்பான், எழுந்துவிடுவான். வாசலுக்குப் போவான், திரும்பி வருவான்.

"ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறீங்க? சுத்தினா தண்ணி தெளிஞ்சிருமா?" என்றாள் மனைவி சிவகாமி. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அவர்கள் மகள் அமிர்தத்தைக் கொடுத்திருந்தது ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் மடுவூரில். அவளுக்கு அந்த ஆற்றை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. படித்துறையைத் தாண்டியதும் தண்ணாறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகும். அந்த இடுக்கில் துணியெல்லாம் போய் அடைத்துக்கொண்டு, அழுகி, கறுத்துப் போன தண்ணீர்தான் கசிந்து மடுவூருக்குப் போனது. மாடுகள் முகர்ந்து பார்த்துத் திரும்பிவிட்டன. குழந்தைக்கு மாட்டின் புத்தி ஏது? அமிர்தத்தின் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு கிடப்பதாக அன்று காலையில்தான் ஆள் வந்து சொன்னான்.

தத்தன் நேரே அரசவைக்குப் போனான். வழக்கமான கோணங்கிச் சேட்டை எதுவும் செய்யவில்லை.

"மன்னா, துணியை ஆற்றில் விடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கீழே ஊர்கள் இருக்கின்றன."

அனந்தவீரர் காத்திருந்தவர்போல எழுந்தார். "கேட்டீர்களா பிரபு! அம்மையின் வழக்கத்தை நிறுத்த வேண்டுமாம். நாளைக்குக் கூட்டமே வரக் கூடாது என்பான். வடகரைத் தூதர் வரப்போகும் வேளையில் யாருக்காகப் பேசுகிறானோ!"

அரசரின் முகம் சிவந்தது. "எம் கூட்டத்தின் அருமை உனக்குத் தெரியவில்லை, தத்தா! இந்தத் திருவிழாவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நீயே எண்ணிச் சொல். கொடி இறங்கும் நாளில் தூதர் முன்னிலையில் சொல்ல வேண்டும்."

தத்தன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். வருகிறவன் வருகிறான், போகிறவன் போகிறான், ஒருவனே நாலு தரம் முழுகுகிறான். அந்தக் கூட்டத்தை எப்படி எண்ணுவது?

"வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவான் பிரபு," என்றார் அனந்தவீரர். "தலைக்கு ஓர் அத்தாட்சி வேண்டும். அதை அரண்மனை வாசலில் தூதரின் கண்ணெதிரே வைக்க வேண்டும். நானே சரிபார்க்கிறேன். தவறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். எண்ணுவதற்கு அவன் கேட்பதை எல்லாம் கொடுங்கள்," என்று அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

தத்தன் ஆற்றங்கரைக்குப் போனான். மேலும் கீழுமாக நடந்தான். மகளைப் பார்க்கப் போகலாமா என்று நினைத்தான். வெறுங்கையோடு போய் என்ன செய்வது என்று திரும்பினான். படித்துறையில் ஒரு கிழவர் நடுங்கிக்கொண்டே முழுகி எழுந்தார். ஒட்டுப் போட்ட வேட்டி ஒன்றை நீரில் விட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையை நனைத்து, ஒரு முழத் துணியை விட்டாள். தத்தன் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டு கரையோரம் நடந்தான். அவை மிதந்து மிதந்து பாறை இடுக்கில் போய்ச் சேர்ந்தன. அங்கே நாற்றம் குடலைப் பிடுங்கியது. தத்தனோ அந்த இடத்தில் நின்று, பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

மறுநாள் அரண்மனைச் சேவகர்கள் அத்தனை பேரும் பாறை இடுக்கில் நின்றார்கள். ஒருவனும் தண்ணீரில் இறங்கவில்லை.

"சாமி, பீடை பிடிச்ச துணிய எப்படித் தொடறது? எனக்குப் புள்ள குட்டி இருக்கு," என்றான் சேவகர்களின் தலைவன் மாடன்.

"இது யார் கட்டளை?"

"ராசா கட்டளை."

"ராசா வேலைல வர்ற லாபம் யாருக்கு?"

"ராசாவுக்கு."

"அப்பப் பீடை மட்டும் உனக்கு வருமா? அதுவும் அங்கதான் போகும். இறங்குப்பா!"

மாடன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. தத்தனே முதலில் இடுப்பளவு சேற்றில் இறங்கி ஒரு துணியை இழுத்துக் கரையில் போட்டான். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். கொடி இறங்கும் நாள்வரை சேவகர்கள் இழுத்தார்கள், வண்டிகள் சுமந்தன, தத்தன் கத்திக்கொண்டே இருந்தான். கடைசி அடைப்பைப் பிடுங்கியபோது தேங்கிக் கிடந்த ஆறு ஒரு குலுங்கு குலுங்கி, மடுவூர்ப் பக்கம் பாய்ந்தது.

கொடி இறங்கும் நாள். தூதரோடு வாசலுக்கு வந்த அரசர் மூக்கைப் பொத்தினார். கோட்டை மதிலுக்குப் போட்டியாக இரண்டு துணிக் குன்றுகள் நின்றன. ஈக்கள் மொய்த்தன.

"என்னடா இது!"

"தாங்கள் கேட்ட கணக்கு, மன்னா. முழுகியவர்கள் ஆளுக்கொரு துணி விட்டிருக்கிறார்கள். நாலு தரம் முழுகினாலும் விடுவது ஒன்றுதான். தலைக்கு ஓர் அத்தாட்சி, அரண்மனை வாசலில், தூதரின் கண்ணெதிரே. மந்திரியார் தாமே சரிபார்ப்பதாக வாக்களித்திருக்கிறார். தொடங்கலாமே!"

அனந்தவீரர் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு துணியை நுனிவிரலால் தூக்கினார். உடனே ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார்.

"ஏன் இரண்டு குன்று?" என்று அரசர் கேட்டார்.

"கரை போட்ட துணி நம் நாட்டுத் தறியில் நெய்தது. கட்டம் போட்டது வடகரைத் தறியில் நெய்தது. தங்கள் படைபலம் தெளிவாகத் தெரியட்டும் என்று பிரித்து வைத்தேன்."

கட்டம் போட்ட குன்றுதான் பெரியதாக இருந்தது. தூதர் இருமலை அடக்கினார். "அரசே, மன்னிக்க வேண்டும். தங்கள் பெருங்கூட்டத்தைக் கண்டு எங்கள் அரசர் அஞ்ச வேண்டும் என்று மந்திரியார் எனக்கு ஓலை அனுப்பியிருந்தார். அந்தக் கூட்டத்தில் பெரும்பாதி எங்கள் குடிகள். என் தாயாரே வந்திருக்கிறார். அவர் கையில் வேல் கொடுத்தால் என்னைத்தான் அடிப்பார்."

அரசரின் கை வாளின் பிடியில் இருந்தது. ஆனாலும் தத்தனுக்குச் சொல்ல வேண்டியதில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"மன்னா, இவற்றோடு சேராமல் ஒரு துணி தனியாக நிற்கிறது. அதை எண்ணுவதா வேண்டாமா என்று தெரியவில்லை." மடித்து வைத்திருந்ததை விரித்தான். பொன்சரிகைப் பட்டு. சேற்றில் கறுத்துப் பாதி கிழிந்திருந்தது. சரிகையில் அன்னப்பட்சி முத்திரை மட்டும் பளபளத்தது.

திருவிழாவின் முதல் முழுக்கு அரசருடையது. அவர் விட்ட பட்டு அது.

"இதுவும் என் மகள் குடிக்கும் தண்ணீரில்தான் கிடந்தது," என்றான் தத்தன். குரல் உடைந்துவிட்டது. "பேரக்குழந்தை படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், மன்னா."

அரசர் பட்டைப் பார்த்தார். குன்றைப் பார்த்தார். இன்னும் குமட்டிக்கொண்டிருந்த மந்திரியைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் நாற்றத்தை நன்றாக இழுத்துவிட்டு இருமினார். இருமி முடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"என் பீடையை என் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டாயடா! அரண்மனை வைத்தியரை இப்போதே மடுவூருக்கு அனுப்புகிறேன். அது பரிசில் சேராது. பரிசு என்ன வேண்டும், கேள்."

"ஒன்றே ஒன்று, மன்னா. அடுத்த வருடம் முதல் முழுக்கு வேண்டாம். எல்லோரும் முழுகிய பிறகு, கடைசி முழுக்கைத் தாங்கள் போடுங்கள். இந்தப் படித்துறையிலும் வேண்டாம். மடுவூர்த் துறையில், என் மகள் குடம் நிறைக்கும் இடத்தில். முழுகி மூன்று வாய் தண்ணீரும் குடிக்க வேண்டும்."

அரசர் சிரிப்பை நிறுத்தி, கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரை மனத்துக்குள் குடித்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். "தந்தேன். அனந்தவீரரே, நான் முழுகும்வரை ஆற்றைக் காப்பது உமது பொறுப்பு. நான் குடிப்பதற்கு முன்னால் நீர் குடித்துக் காட்ட வேண்டும்."

அடுத்த பங்குனியில் ஒரு துணியும் ஆற்றில் விழவில்லை. கரையில் குழி வெட்டி, அதில் போட்டு மூடினார்கள். பீடை மண்ணுக்குள் போனால் இன்னும் நல்லது என்று கொழுந்தம்மையே கனவில் வந்து சொன்னதாக அனந்தவீரர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். சத்திரத்து அடுப்புகளுக்கு மலையில் ஒரு சுள்ளி கூட ஒடிக்கவில்லை. மந்திரியார் தம் தோட்டத்து மரங்களைத் தாமாகவே கொடுத்தார்.

அரசர் மடுவூரில் முழுகி மூன்று வாய் குடித்தபோது, படியில் அமிர்தத்தின் மகன் தளர்நடை போட்டு வந்து அவருடைய பட்டு நுனியைப் பிடித்து இழுத்தான். "பட்டை விடுடா, பீடை!" என்று அரசர் சிரிக்க, கரையில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

தத்தன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருடமாக உட்கார மாட்டாமல் அலைந்த மனிதன், மகளுடைய குடத்துக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.