செருப்புக்குக் காவல் இருந்த மனசு

கோவில்பட்டிப் பக்கம் செண்பகவல்லி என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் இருந்தாள். அவள் தலைக்குள் மூன்று மேதாவிகள் குடியிருந்தார்கள். ஒப்பிக்கவே பிறந்த மனப்பாடம், எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்கிற தர்க்கம், எல்லாவற்றையும் படமாகப் போடுகிற கற்பனை. பின்கட்டில் மனசு என்று ஒருத்தியும் இருந்தாள். ஒட்டிக்கொண்ட தூரத்து உறவுக்காரி மாதிரிதான் அவளை நடத்தினார்கள்.

அறிவியலில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. அன்றைக்குத் துணைத்தேர்வு. தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்கு, பெரியம்மாவோடு வேலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற வேண்டியதுதான் என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார். செண்பகவல்லி இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள்.

“பிள்ள பயந்து போயிருக்கா. நான் கொஞ்சம் பேசிக்கிறேன்” என்றாள் மனசு.

“பரீட்சை நேரத்துல பேச்சு ஒரு கேடா?” என்று சீறியது மனப்பாடம்.

தேர்வுக்கூட வாசலில் பையையும் செருப்பையும் வெளியே விடச் சொன்னார்கள். மனப்பாடத்துக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

“நீயும் இங்கேயே இரு தாயி. செருப்பப் பாத்துக்கோ. உள்ளே படிச்சவங்களுக்குத்தான் வேலை.”

மனசுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்துகொண்டாள்.

வினாத்தாள் வந்தது. ‘மனித இதயத்தின் அமைப்பைப் படத்துடன் விவரி.’ அடடா, மனசை வாசலில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஏற்ற கேள்விதான்!

மனப்பாடம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. “ப்... ப்...” என்றது. பேரில் இருந்த ‘மன’தான் வெளியே உட்கார்ந்திருக்கிறதே, மிச்சம் ‘ப்பாடம்’தானே! தர்க்கம் தன் பங்குக்கு, “ஏன் அந்த சார் நம்மளையே பாக்குறாரு? ஏன் பக்கத்துப் பிள்ள மட்டும் எழுதிக்கிட்டே இருக்கா?” என்று ஆராய்ச்சியில் இறங்கியது. கற்பனையோ இதயத்தை விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வேனைச் சக்கரம் முதற்கொண்டு அச்சு அசலாக வரைந்து தள்ளியது.

செண்பகவல்லி பேனாவை மூடி வைத்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“பயமா இருக்கா தாயி?” என்று கேட்டாள் மனசு.

“ஆமா. ரொம்பப் பயமா இருக்கு.” கண் கலங்கிவிட்டது.

“இருந்துட்டுப் போகட்டும். பயந்துக்கிட்டே எழுதலாம், யாரு வேண்டாங்கிறா? மூச்ச இழுத்து விடு. நானும் கூட வாரேன்.”

இருவரும் உள்ளே போனார்கள். மனப்பாடத்துக்கு வாய் திறந்தது. தர்க்கம் எதை முதலில் எழுதலாம் என்று உருப்படியாக யோசித்தது. கற்பனை வேனைச் சுருட்டி வைத்துவிட்டு இதயத்தை வரைந்தது.

செண்பகவல்லி தேறிவிட்டாள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். எல்லாம் தங்களால்தான் என்று மூன்று மேதாவிகளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். வெட்கம் என்பது அந்தத் தலையில் குடியில்லை போலிருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் முதல் தேர்வு வந்தது. வாசலில் மனப்பாடம் பழையபடி திரும்பிப் பார்த்து, “செருப்பப் பாத்துக்கோ தாயி” என்றது.

“சரி, போயிட்டு வா, ப்பாடம்!” என்றாள் மனசு.