கோணப்புளியூருக்குள் நுழையக் கூடாத சட்டம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும், அப்புறம் பாதிச் சிரிப்புதான் வரும்.

கோணப்புளியூர் என்று ஒரு ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கரையூர். ஒருநாள் சந்தையில் அக்கரையூர்க்காரன் ஒருத்தன், "உங்க ஊர்ப் பஞ்சாயத்துல சொல்ற நியாயமெல்லாம் எங்களைப் பாத்துப் படிச்சதுதானேய்யா" என்று சொல்லிவிட்டான். கோணப்புளியூர்த் தலைவர் பூலோகத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஊரைக் கூட்டினார். "இனிமே அந்நிய ஊர்ச் சட்டம் எதுவும் நம்ம பஞ்சாயத்துக்குள்ள நுழையக் கூடாது!"

"நுழையக் கூடாதுன்னா, வேலி போடணும்" என்றார் ஒருத்தர்.

போட்டார்கள். பஞ்சாயத்து நடக்கிற வேப்பமரத்தைச் சுற்றிக் கருவேல முள் வேலி. சந்து விட்டால் சட்டம் நுழைந்துவிடுமே என்று வாசலே வைக்கவில்லை. வேலியைத் தாண்டி உள்ளே குதித்த பூலோகத்தின் வேட்டியில் பாதி முள்ளிலேயே தங்கிவிட்டது.

அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. அந்நியச் சட்டம் எது என்று தெரிந்தால்தானே அதைத் தள்ளி வைக்க முடியும்? சடையாண்டி என்று ஒரு ஆளை நியமித்தார்கள். அவன் வேலை தினமும் ஆற்றைக் கடந்து போய், அக்கரையூர்ப் பஞ்சாயத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வது.

"தலைவரே, அங்க நிழல்ல உக்காந்து பேசுறாங்க."

"அடப் பாவிகளா! அப்ப நாம வெயில்ல உக்காரணும்."

எல்லாரும் மறுபடி வேலியைத் தாண்டி வெளியே வந்து, கொதிக்கிற மணலில் உட்கார்ந்தார்கள். முள்வேலிக்குள்ளே நிழல் மட்டும் பத்திரமாக இருந்தது.

"அங்க ஒருத்தர் பேசி முடிச்ச பெறகுதான் அடுத்தவர் பேசுறாரு."

அன்றையிலிருந்து கோணப்புளியூரில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேசி முடித்ததும் பூலோகம், "யாருக்காவது ஏதாவது புரிஞ்சுதா?" என்று கேட்பார். "இல்லை" என்பார்கள். "நல்லது. அங்க புரியுமாம்" என்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் இருளாயிக்குத் துன்பம் வந்தது. இருளாயிக்கு இருந்தது ஒரே ஒரு எருமை. அதன் பாலை விற்றுத்தான் அடுப்பு எரிய வேண்டும். மழை ராத்திரியில் அந்தச் சினை எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய், தவசி என்பவரின் கொட்டகையில் ஒதுங்கிக் கன்று போட்டுவிட்டது. தவசி விடிந்ததும் எருமையைத் துரத்திவிட்டார். கன்றைக் கட்டிப்போட்டுக்கொண்டார். "என் கொட்டகையில பொறந்தது, என் கன்னு."

கன்று முட்டாமல் எருமை சுரக்குமா? இருளாயி மடியைப் பிடித்தால் காலைத் தூக்கியது. பஞ்சாயத்துக்கு ஓடினாள்.

பூலோகம் முதல் வேலையாக, "சடையாண்டி, இதுக்கு அக்கரையூர்ல என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"கன்னு தாயோடதான் போகும், தலைவரே."

கூட்டமே உச்சுக்கொட்டியது.

"கேட்டியா தாயி? அது அந்நியச் சட்டம். நாங்க தொடக்கூட முடியாது. நாளைக்குக் காலையில கன்னு தவசிக்குன்னு தீர்ப்புச் சொல்லப் போறோம்."

"அண்ணே, என் வயித்துல அடிக்காதீங்க. கன்னு தாயைத்தான் சேரும்கிறது அந்த எருமைக்கே தெரியும்."

"எருமையை எங்க வாங்கினே?"

"அக்கரையூர்ச் சந்தையில."

பூலோகம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? அதான் அந்த ஊர்ச் சட்டம் பேசுது."

இருளாயி நேரே ஆற்றில் இறங்கி, புடவை நனைய அக்கரைக்குப் போய், அந்த ஊர்த் தலைவர் முன்னால் நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

"கன்னு உன்னோடதுதாம்மா. இதுல என்ன சந்தேகம்?" என்றார் அவர்.

"அய்யோ, அப்படிச் சொல்லிராதீங்க அய்யா! நாளைக்கு விடிஞ்சதும் எனக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறியது.

மறுநாள் காலை சடையாண்டி நனைந்த வேட்டியோடு ஓடி வந்தான். "தலைவரே, அக்கரையூர்ல இன்னிக்குப் புதுத் தீர்ப்பு! கன்னு கொட்டகைக்காரனுக்குத்தானாம்!"

பூலோகம் துள்ளி எழுந்தார். "அப்ப நம்மூர்ல கன்னு இருளாயிக்கு!"

"நேத்து எனக்குன்னீங்களே!" என்று தவசி கத்தினார்.

"நேத்து அது நம்ம சட்டம், தவசி. ராத்திரியோட ராத்திரியா அந்நியச் சட்டமாயிருச்சு. நான் என்ன செய்ய?"

இருளாயி தவசியின் கொட்டகைக்குக் கன்றை அவிழ்க்கப் போனாள், கூட்டமும் பின்னாலேயே போனது. சடையாண்டி தொண்டையைச் செருமினான். "அக்கரையூர்ல கன்னு நடந்துதான் வீட்டுக்குப் போகும்."

பூலோகம் கையை நீட்டி இருளாயியை நிறுத்தினார்.

"அப்ப தூக்கிட்டுத்தான் போகணும். யாரு தூக்குறது?"

"அக்கரையூர்த் தலைவர் சத்தியமாத் தூக்க மாட்டாரு" என்றான் சடையாண்டி.

பூலோகம் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். தெரு முழுக்கக் கன்று அவர் கழுத்தில் சவாரி போனது. வழியிலேயே அவர் முதுகில் மூத்திரமும் பெய்தது. இருளாயி வீட்டு வாசலில் இறக்கியபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"தாயி, நாக்கு வறண்டு போச்சு. ஒரு செம்பு நீச்சத்தண்ணி குடு."

இருளாயி கூட வந்தவனைப் பார்த்தாள். "சடையாண்டியண்ணே, அக்கரையூர்ல கேட்டாக் குடுப்பாங்களா?"

"குடுக்காம? கடிச்சுக்க வெங்காயமும் வச்சுக் குடுப்பாங்க!"

பூலோகம் எச்சிலை விழுங்கினார். "நல்ல வேளை கேட்டே தாயி. தெரியாமக் குடிச்சிருப்பேன்."

"அப்புறம் இன்னொண்ணு, அண்ணே. அங்க கதவைச் சாத்தும்போது 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லிட்டுத்தான் சாத்துவாங்க."

இருளாயி கன்றை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினாள்.