வர்ணம் அப்பிய இடம்

“நான் சொன்னதுல ஒரு பொய் உண்டா, டீச்சர்?”

அருமைநாயகம் வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். புகைப்படத்தைக் கணினியில் ஓவியமாக மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பாளையங்கோட்டையில் போட்டோ லேப் வைத்திருக்கும் பெனிட்டாவிடம் சேர்ந்திருந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான். அதனால் என்ன, டீச்சர் டீச்சர்தான்.

“எதுல சார்?”

“இசக்கியம்மாள் படத்துல.”

இசக்கியம்மாள் அவரோடு படிப்பவள். தையல் கடை வைத்திருக்கிறாள். இறந்துபோன அப்பாவின் போட்டோவை எண்ணெய் ஓவியம் போல மாற்றி, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

எல்லோரும் ‘சூப்பர்’ என்றார்கள். அருமைநாயகம் மட்டும், ‘மூக்குக்குக் கீழே வர்ணம் அப்பிக் கிடக்கிறது. கவனக்குறைவு’ என்று எழுதினார்.

“பொய் இல்ல சார். அப்பித்தான் கிடக்கு.”

“பின்ன ஏன் அவ குழுவை விட்டே போயிட்டா?”

“பிரிண்டும் வேண்டாம்னுட்டா. அவ அப்பா செத்து வர்ற வெள்ளியோட வருஷம் திரும்புது. அன்னைக்கு வீட்டுல மாட்டத்தான் அந்தப் படத்தையே செஞ்சா.”



“அவ நல்லதுக்குத்தான டீச்சர் சொன்னேன்? இப்ப நான் என்ன செய்யணும்?”

பெனிட்டா போனை அவர் பக்கம் தள்ளினாள்.

“கூப்பிட்டுக் கேளுங்க.”

“என்னத்தக் கேக்க?”

“உங்களுக்குத் தெரியாததை.”

தமக்குத் தெரியாதது என்ன என்று கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அப்படித் தேடிப் பார்த்துப் பழக்கமில்லை, பாவம்.

கணினியில் படத்தைப் பெரிதாக்கினார். சட்டைப் பொத்தான், காதோர நரை, சிரிப்பில் தெரிந்த பல் இடுக்கு. எல்லாவற்றிலும் மெல்லிய தூரிகைக் கோடுகள். மூக்குக்குக் கீழே மட்டும் தடித்த பூச்சு.

“கவனமில்லாதவ எல்லா இடத்துலயும்லா சொதப்பியிருப்பா?”



அவர் போன் போட்டார். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே இசக்கியம்மாளின் குரல் கேட்டது.

“இசக்கி, மத்த இடமெல்லாம் இவ்வளவு நுணுக்கமா செஞ்சிருக்கியே. மூக்குக்குக் கீழ மட்டும் ஏன்மா தடிமனா வச்ச?”

மெஷின் நின்றது.

“டியூப் சார். ஆக்சிஜன் டியூப். ஆஸ்பத்திரில எடுத்த போட்டோ அது. அப்பா சிரிக்க மாதிரி எங்ககிட்ட இருக்கது அது ஒண்ணுதான். டியூபை மறைக்கத்தான் அப்பினேன்.”

அருமைநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. “பொறவு பேசுதேன்மா” என்று போனை வைத்துவிட்டார்.

“தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். படம் பிரமாதம்னு அவளுக்கு எழுதிருதேன்.”

“பிரமாதமா சார்?”

தட்டச்சு செய்யத் தொடங்கிய விரல் நின்றது.

மறுபடி படத்தைப் பார்த்தார். இம்முறை டியூபைத் தேடினார். மூக்கின் கீழே இல்லை. கன்னத்திலும் இல்லை. நன்றாகத்தான் மறைத்திருந்தாள்.

பிறகு திரையருகே குனிந்தார்.

மூக்கிலிருந்து காதுவரை, கன்னத்தின் குறுக்கே, மங்கலாக ஒரு கோடு ஓடியது.

“டீச்சர், டியூப் போயிட்டு. அதோட நிழல் போகல.”

பெனிட்டாவும் குனிந்து பார்த்தாள்.

“ஆமா சார். நான் இதைப் பாக்கவே இல்ல.”

“இதையும் போய்ச் சொன்னா, ஒடஞ்சு போயிருவாளே?”

பெனிட்டா போனை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினாள்.

இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, கன்னத்து நிழலைச் சொன்னார். 



“அதானா சார்? பாக்கும்போதெல்லாம் அப்பா இன்னும் மூச்சுக்குத் தவிக்க மாதிரியே இருந்துச்சு. எல்லாரும் சூப்பர்ங்காங்க. எனக்குத்தான் மனசு சரியில்லைன்னு நெனச்சேன்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“படத்தைத் தெறந்துட்டேன். சொல்லுங்க சார், எங்கேருந்து அழிக்கணும்?”