ஐயாயிரம் பேட்டரி போன்

ஈரோட்டில் 'மின்முரசு' என்றொரு தொழில்நுட்ப வார இதழ் வருகிறது. அதை நடத்தும் மூவரும் ஜவுளிச் சந்தையில் லுங்கி விற்றவர்கள். லுங்கிக்கு அடுத்தபடி எல்லார் வீட்டிலும் இருப்பது செல்போன்தான் என்று கணக்குப் போட்ட சென்னியப்பன் ஆசிரியரானான். நாச்சிமுத்து செய்தி எழுதினான். பழனாத்தாள் பிழை திருத்தினாள். அவள் கைக்குப் போகும் பிழை எதுவானாலும் சேதாரமில்லாமல் வெளியே வந்துவிடும்.

ஒருநாள் முதலாளி அங்கமுத்து போனும் கையுமாகப் படியேறி வந்தார்.

"வாசகர் கருத்தைப் பாத்தீங்களா? காறித் துப்பறாங்க. அடுத்த இதழுக்கு ஒரே ஒரு குறை வந்தாலும் ஆபீசை இழுத்துப் பூட்டிருவேன். மறுபடி லுங்கிதான் உங்களுக்கு!"

மூவரும் கடிதங்களை எடுத்துப் புரட்டினார்கள். வந்த குறைகளிலேயே காரமானது பாலிடெக்னிக் வாத்தியார் திருமலைச்சாமி எழுதியது: 'புதுப் போனில் ஐயாயிரம் பேட்டரி இருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். யாராவது படித்துப் பார்த்துத்தான் அச்சடிக்கிறீர்களா?'

"இப்ப என்னங்ணா பண்றது?" என்றான் நாச்சிமுத்து.

"குறைங்கறது சந்தையில பேரத்துக்குச் சொல்ற மொத விலை மாதிரிடா. மொத விலைக்கு எவனாச்சும் தலையாட்டுவானா? நேர்ல போய்ப் பேசி முடிச்சுருவோம்" என்றான் சென்னியப்பன்.

போனார்கள். வாத்தியார் வரவேற்று, "திருத்திப் போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானுங்க சார் வந்தோம். ஐயாயிரம் கட்டுபடியாகலைன்னா நாலாயிரம்னு போட்டுக்கலாமுங்களா?" என்றான் சென்னியப்பன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுய்யா! ஒரு போனுக்கு ஒரு பேட்டரி!"

"ஒண்ணா!" பழனாத்தாள் நெஞ்சில் கைவைத்தாள். "இப்படி அடிமாட்டு விலைக்குக் கேக்கறீங்களே சார்! எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

"ஐயாயிரம்ங்கறது எண்ணிக்கை இல்லம்மா, பேட்டரி சார்ஜ் பிடிக்கற அளவு!"

"அளவுன்னா மீட்டருங்களா? ஐயாயிரம் மீட்டரைச் சட்டைப் பையில எப்படிங்க வெக்கறது?" என்று நாச்சிமுத்து கவலைப்பட்டான்.

வாத்தியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சென்னியப்பன் கண்ணைக் காட்டினான். மூவரும் விறுக்கென்று எழுந்து வெளியே நடந்தார்கள். சந்தையில் அப்படி எழுந்து போனால் கூப்பிடுவார்கள். வாத்தியார் கதவைச் சாத்தினார். இவர்களே திரும்பி வந்து தட்டினார்கள்.

"சரிங்க சார், உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். நாலு பேட்டரி. கடைசி விலை!"

"இனிமே உங்க இதழைப் படிச்சா என்னைச் செருப்பால அடிங்கய்யா!" என்றார் வாத்தியார் உள்ளேயிருந்து.

தெருவில் நின்று ஆலோசித்தார்கள்.

"படிக்க மாட்டேன்னுட்டாரே" என்றாள் பழனாத்தாள்.

"நல்லதுதானே? படிக்காதவர் எப்படிக் குறை சொல்லுவார்?" என்றான் சென்னியப்பன்.

"அப்ப மத்தவங்களையும் படிக்கவிடாமப் பண்ணணுமுங்ணா" என்றான் நாச்சிமுத்து.

அப்படித்தான் அடுத்த இதழ் நாலு ஓரமும் பிரிக்க முடியாதபடி நெருக்க நெருக்க ஸ்டேப்ளர் பின் அடித்துக் கடைக்குப் போனது. 'மடிப்புக் கலைத்த சரக்கு வாபஸ் இல்லை' என்று அட்டையில் கொட்டை எழுத்து. பிரித்துப் பார்க்கப் போனவர்கள் இதழைக் கிழித்துக்கொண்டார்கள். தன் கையால் கிழித்ததை எவன் வெளியே சொல்லுவான்? ஒரு குறைகூட வரவில்லை.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க, ஒரு பின்னை நெம்பினார். மூவரும் பாய்ந்து கையைப் பிடித்தார்கள்.

"படிச்சுராதீங்க முதலாளி! குறையில்லாம ஓடுது, கெடுத்துராதீங்க!"

முதலாளி யோசித்தார். "யாரும் படிக்கலைன்னா உள்ள எதுக்குய்யா அச்சடிச்சீங்க? மை தண்டம்தானே?"

"வெறுந்தாளை வித்தா ஏமாத்தற மாதிரி ஆயிருமுங்களே!" என்றான் சென்னியப்பன், ரோசத்தோடு.

அது முதலாளிக்கு நியாயமாகப் பட்டது. இன்னும் பத்துப் பக்கம் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அங்கே வேலை படு சுத்தம். நாச்சிமுத்து எழுதியது அச்சாகி வந்ததும் முதலில் நாலு ஓரமும் பின் அடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பழனாத்தாள் பிழை திருத்த உட்காருகிறாள். இதுவரை ஒரு பிழைகூட அவள் கண்ணில் படவில்லை.